கிழங்கு இருந்த இடத்தில் செவ்வந்தி

செல்வம்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. உன் கடிதம் கிடைத்த மறுநாளே பதில் போட்டுவிடுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை இரண்டு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலிக்கிறது, அது மழை வந்தால் வருகிற வலிதான். நீ எழுதியிருந்த செய்திதான் என்னை உட்காரவிடவில்லை. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெண்களுக்கு அந்தூரியமும் பூங்கொத்துக்கு இலை தரும் பன்னச் செடியும் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உனக்கு ஒரு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? ஆனால் நேர்முகத் தேர்வில், 'எங்க அம்மா அந்தக் காலத்துலயே வட்டகொடைப் பக்கம் ஒரு லயம் முழுக்கப் பூ வளர்க்க வச்சவங்க' என்று நீ சொன்னதாகவும், அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்ததாகவும் எழுதியிருக்கிறாயே, அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை நானும் உன் அப்பாவும் உனக்குத் தெரியாமல் வைத்திருந்தோம். அப்பா போய் நாலு வருஷமாகிறது. இனி அதைச் சொல்ல இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். நீ அந்த வேலையில் போய்ச் சேருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

அப்போது நீ ஹட்டனில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்ததைப் பார்த்திருப்பாய். அது எப்படித் தொடங்கியது என்பது உனக்குத் தெரியாது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். உன் அப்பா தோட்டத்து ஆபிசில் கிளாக்கர். ஒரு பள்ளிக்கூட விடுமுறையில் அரசாங்கப் பண்ணை ஒன்றில் பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். அலங்காரச் செடி, வெட்டுப் பூ, தொட்டிச் செடி என்று அங்கே சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். நம் சனங்களுக்குக் கொழுந்து பறிப்பதைத் தவிர கையில் வேறு ஒரு தொழில் இருக்கட்டும் என்ற நினைப்பு உண்மையாகவே எனக்கு இருந்தது. அதை நீ சந்தேகப்பட வேண்டாம். ஆனால் அந்த நினைப்புக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. நான் மற்ற டீச்சர்மாரைப் போல இல்லை என்று நாலு பேர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மனசில் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் வகுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் வைத்தேன். வேலை நாட்களில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. எட்டுப் பேர் வந்தார்கள். கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் செவ்வந்தித் தண்டை எப்படி வெட்ட வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். 'என்ன சிரிப்பு?' என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அதட்டுகிற மாதிரி அதட்டினேன். அவள் எழுந்து வந்தாள். 'கோவிச்சுக்காதீங்க டீச்சர். கத்திய அப்புடி வச்சு அமுக்குனா தண்டு நசுங்கிரும். நசுங்குன தண்டு வேர் விடாது. இங்க குடுங்க' என்று கத்தியை வாங்கி, இலைக் கணுவுக்குக் கீழே சரிவாக ஒரே இழுப்பில் வெட்டிக் காட்டினாள். அவள்தான் பாக்கியம். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் பத்து வருஷம் வேலை செய்தவள். ஒற்றை இலைத் துண்டை மண்ணில் வைத்து மரமாக்குகிற கை அது. மண் கலக்கவும், மானாப்புல் பரப்பி நிழல் கட்டவும், தண்ணீர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதற்கும் அவளுக்குக் கொப்பி வேண்டியதில்லை. அன்று எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து வெட்டிக் காட்டுகிற வேலையை அவளிடமே விட்டுவிட்டேன். அந்த நாட்களில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். செல்வம், நீ போகிற இடத்தில் உன்னைவிடச் செடியைத் தெரிந்தவள் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அநேகமாகப் பின் வரிசையில் இருப்பாள்.

செடிகள் நன்றாக வந்தன. நுனி கிள்ளிவிட்டால் பக்கத்தில் கிளைக்கும் என்று நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள் அதைச் செய்து முடித்திருக்கும். ஒரு தண்டுக்கு ஒரு மொட்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி எறிய வேண்டும் என்றதற்குத்தான் மனசு வராமல் நின்றார்கள். 'பாவமா இருக்கு டீச்சர்' என்று ஒருத்தி சொன்னதும் எல்லாரும் சிரித்ததும் இன்னும் காதில் இருக்கிறது. தலவாக்கலையில் கடை வைத்திருந்த ஹமீது நானாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு முறுக்குக் கொடுப்பாரே, அவர்தான் பூவைப் பழைய தேயிலைப் பெட்டிகளில் அடுக்கி வட்டகொடை ஸ்டேஷனில் கோச்சியில் ஏற்றிக் கொழும்புப் பூக்கடை ஒன்றுக்கு அனுப்புவார். பெண்கள் கையில் தங்களுக்கென்று ஏதோ கொஞ்சம் மிஞ்சியது. பாக்கியத்துக்கு அது வேறு ஒரு விதத்திலும் பெரிய விஷயமாக இருந்தது. அவள் புருஷன் முத்தையாவின் அண்ணன் குடும்பம் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போயிருந்தது. முத்தையாவும் போய்விட வேண்டும் என்று நின்றான். இவள் முடியாது என்றாள். மூத்தவள் ராணிக்குப் பன்னிரண்டு வயது, என் வகுப்பில் படித்தாள். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. 'அங்க நமக்கு யாரு இருக்கா? இங்கயே பொழச்சிக்கலாம்னு அவருகிட்டச் சொல்ல இப்பத்தான் டீச்சர் எனக்கு வாய் வந்திருக்கு' என்று ஒரு நாள் பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்டு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? அவளுடைய வாழ்க்கையை நானே திருத்திக் கொடுத்துவிட்ட மாதிரி.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. கொழும்பிலிருந்து இன்னும் அதிகமாகப் பூ கேட்டார்கள். பூ நட இடம் போதவில்லை. லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சின்னதாக ஒரு மரக்கறித் துண்டு நிலம் இருந்தது. போஞ்சியும் முட்டைக்கோவாவும் கொடியில் விளையும் வத்தாளங்கிழங்கும் போட்டிருந்தார்கள். அந்த ஞாயிறு வகுப்பில், அதையெல்லாம் எடுத்துவிட்டுத் துண்டு முழுவதும் செவ்வந்தி நடுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியம் மட்டும் கேட்டாள்: 'கெழங்கு பாதித் துண்டுல இருக்கட்டுமே டீச்சர். பாதிக்குப் பூ வைக்கிறேன். கோதும மா வராத கெழமைக்கு அதுதான் கைக்கு ஒதவுது.' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இப்படிப் பாதி பாதியாச் செஞ்சுதான் நாம எல்லாம் இன்னும் லயத்துல கெடக்கோம். துணிஞ்சு எறங்கத் தெரியாதவங்களுக்கு நான் எதுக்குச் சொல்லித்தரணும்?' என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். மறுநாள் அவள் வேலை விட்டு வந்து கொடியைப் பிடுங்கினாள். கிழங்கு இன்னும் விரல் பருமன்கூட ஆகவில்லை என்று பிறகு ராணி சொன்னாள். அவள் பிடுங்கியதைப் பார்த்து மற்றவர்களும் பிடுங்கினார்கள். அவர்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, பாக்கியத்தின் கையைப் பார்த்தார்கள். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் அவளை முதலில் மடக்கினேன்.

அந்த வருஷம்தான் நாட்டில் சாப்பாட்டுப் பஞ்சம் வந்தது. பெரியம்மா வீட்டில் உனக்கு எப்படியோ ஒரு வேளையாவது கிடைத்தது. தோட்டத்தில் அப்படியில்லை. மா குறைந்தது, பிறகு வாரக்கணக்கில் வராமலே போனது. வேலையும் வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. கீரை, காட்டுக் கிழங்கு, எதையெதையோ அவித்துத் தின்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு தூங்கினார்கள். முதலில் அதட்டினேன். பிறகு அதட்ட மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பின்னேரம் ஹமீது நானா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. 'டீச்சர், கொழும்புல சனம் பாண் ரொட்டிக்குக் கியூவுல நிக்கிது. கல்யாணம் காட்சியெல்லாம் நாலு பேரோட முடிச்சிர்றாங்க. பூக்கடைக்காரர் இனி ஒரு பெட்டியும் அனுப்ப வேணாம்னு ஆள் அனுப்பிட்டாரு. அந்தப் புள்ளைங்ககிட்ட இன்னைக்கே சொல்லிருங்க. அந்த எடத்துல ஏதாச்சும் நட்டாங்கன்னா வகுத்துக்காவது ஆகும்' என்றார். நான் அவரிடம், 'நானா, கொஞ்ச நாளைக்கு இத உங்களோட வச்சிக்குங்க. வேற கடைக்கு எழுதிப் பாக்குறேன்' என்று கேட்டுக்கொண்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனார்.

எழுதிப் பார்த்தது உண்மை. பதில் வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அது அல்ல. என் பூத்திட்டத்தைப் பார்க்க விவசாய இலாகா அதிகாரிகள் வரப்போவதாக இரண்டு வாரத்துக்கு முன் கடிதம் வந்திருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் போதனாசிரியை வேலை எனக்குக் கிடைக்கலாம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவர்கள் வரும்போது துண்டுகள் எல்லாம் பூவாக இருக்க வேண்டும். உன் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் இதையே சொன்னார். 'சொல்லிரு. அவங்க வெறும் வகுத்தோட தண்ணி சொமந்து ஊத்துறாங்க, பாத்துக்கிட்டு இருக்கியே.' 'இன்னும் ஒரு கெழமதாங்க. அவங்க வந்து போயிரட்டும்' என்பேன். ஆறு வாரம் அப்படியே போனது. பெண்கள் கேட்பார்கள், 'நானா வண்டி எப்ப வரும் டீச்சர்?' 'வரும்' என்பேன். நான் அத்தனை உறுதியாகச் சொன்னதால் அவர்கள் மொட்டுக் கிள்ளினார்கள், களை பிடுங்கினார்கள், ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாராவது ஒருத்தி சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும். ஒருத்தியும் போடவில்லை. டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்கள்.

அதிகாரிகள் வந்த அன்று வெயில் நன்றாக அடித்தது. பூ முழுவதும் விரிந்திருந்தது. பெண்கள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் படம் அன்று எடுத்ததுதான். அதில் இடது ஓரத்தில் இடுப்பில் பிள்ளையோடு நிற்பவள் பாக்கியம். வந்தவர்களில் ஒரு பெரியவர், விவசாயம் தெரிந்தவர், மரியாதையான மனுஷர், அவர் மட்டும் படம் எடுத்து முடிந்த பிறகும் போகாமல் செடிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். பாக்கியத்தின் துண்டருகில் நின்று, இதனால் உங்களுக்கு நன்மை இருக்கிறதா, வேறு ஏதாவது தேவையா என்று சிங்களத்தில் அவளிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவள் அவரையே பார்த்துச் சொன்னாள்: 'பூவு நல்லாத்தான் வந்திருக்குங்க. ஆனா மூணு நாளா வீட்டுல மா இல்ல. முன்ன இந்த எடத்துல கெழங்கு இருந்திச்சு. திரும்பவும் போடலாம்னா கொடிக்கு வழியில்ல. எங்கயாச்சும் கொடி கெடைக்குமான்னு ஐயாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர்.' அவர் என் பக்கம் திரும்பினார். நான் சிங்களத்தில் சொன்னேன்: 'மிகவும் சந்தோஷம் என்கிறாள். ஐயா வந்து பார்த்ததற்கு நன்றி சொல்கிறாள்.' அவர் சிரித்து, கை கூப்பிவிட்டு நடந்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். பதில் வரும் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, 'கேட்டிருக்கேன், பாப்பாங்களாம்' என்று சொன்னேன். அப்படி ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பொய் சொன்னேன். அந்தப் பெரியவர் பொறுப்பில் இருந்த அரசாங்கப் பண்ணையில் வத்தாளங்கொடி கட்டுக்கட்டாக இருந்தது, கேட்ட தோட்டங்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்து அனுப்பினார்கள் என்பது பிறகு நான் அங்கே வேலைக்குப் போனபோதுதான் தெரிந்தது. நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரையும் கூப்பிட்டு, பூவை வாங்க ஆளில்லை என்று சொன்னேன். நேற்றுத்தான் செய்தி வந்தது போலச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. ஒருத்தி மட்டும், 'அப்ப இத என்னா டீச்சர் செய்யிறது?' என்று கேட்டாள். பூவுக்கு உபயோகம் தானாக வந்தது. அந்த மாதங்களில் எங்கள் தோட்டத்தில் சாவு வீடுகளுக்குப் பூவுக்குக் குறைவிருக்கவில்லை. முதலில் வயதானவர்கள் போனார்கள். பிறகு பிள்ளைகள். பாக்கியத்தின் சின்னவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனார்கள். பட்டினியில் இளைத்த உடம்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் முத்தையா பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். லயத்துப் பெண்கள் தங்கள் துண்டுகளிலிருந்து வெள்ளைச் செவ்வந்தியைக் கொண்டுவந்து பிள்ளைமேல் வைத்தார்கள். பாக்கியம் அழவில்லை. ஒவ்வொரு பூவாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். 'எம்புள்ளைக்கு இது வேணாம்' என்றாள். வைக்க வைக்க எடுத்தாள். கடைசியில் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் கையிலும் பூ இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வீடுவரைக்கும் கையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

கிழங்கு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. கிழங்கு போட்டிருந்த வீடுகளிலும் பிள்ளைகள் செத்தார்கள். உன் அப்பா இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றப் பார்ப்பார். 'பஞ்சத்த நீ கொண்டு வரலியே' என்பார். நான் கொண்டு வரவில்லைதான். ஆனால் அந்த ஆறு வாரம் என்னுடையது. அந்தச் சிங்கள வார்த்தைகள் என்னுடையவை. பஞ்சத்தின் கணக்கில் அவற்றை எழுத முடியாது.

பிள்ளையை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்துப் பாக்கியம் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் போன பிறகு நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். இந்தியாவுக்குப் போக விண்ணப்பம் நிரப்ப வேண்டும் என்றாள். தோட்டத்தில் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவள் நான்தானே. இனி முத்தையாவை மறித்துப் பேச அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. பெயர், ஊர், தகப்பன் பெயர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் 'ஒண்ணு' என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'பாக்கியம், அன்னைக்கு அந்த ஐயாகிட்ட நீ சொன்னத நான் சொல்லல' என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'தெரியும் டீச்சர். தவறணையில எங்களுக்கு மேல இருந்தது சிங்கள ஆளுதானே. பேச வராது, ஆனா கேட்டா வெளங்கும்' என்றாள். 'அப்ப ஏன் அங்கயே சொல்லல? கையக் காட்டியாவது சொல்லியிருக்கலாமே!' என்று, அவள்மேல் குற்றம் போடுகிற மாதிரி கத்திவிட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. 'வெளியாள் முன்னால எங்க டீச்சரப் பொய்க்காரியாக்க மனசு வரல. போன பொறகு நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்' என்றாள். பிறகு, 'எழுதி முடிங்க டீச்சர், அவரு வெளிய நிக்கிறாரு' என்றாள். எழுதி முடித்தேன். அவள் பெருவிரலை மையில் தோய்த்து நான் காட்டிய இடத்தில் வைத்தாள். அவர்கள் போன நாளில் லயமே ஸ்டேஷனுக்குப் போனது. நான் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கோச்சி சத்தம் கேட்டபோது பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகு உனக்குத் தெரிந்த பாகம் வருகிறது. போதனாசிரியை வேலை எனக்குக் கிடைத்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னை ஹட்டனில் தொடர்ந்து படிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆகவே நீ படித்த படிப்பும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ பிள்ளை, உனக்கு என்ன தெரியும்? ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு இனி விருப்பமில்லை. அந்த வேலையில் பத்து வருஷம் நானுஓயா முதல் ஹட்டன் வரை தோட்டம் தோட்டமாகப் போனேன். எந்தப் பெண்ணிடமும் மரக்கறித் துண்டில் கை வைக்கச் சொன்னதில்லை. தண்ணீர்க் குழாயடியில், படிக்கட்டு ஓரத்தில், கூரைத் தகரத்துக்குக் கீழே பழைய டின்களில் என்று, உணவுக்கு ஆகாத இடத்தில்தான் பூ வைக்கச் சொன்னேன். வாங்குகிறவர் வேண்டாம் என்றால் அந்தச் செய்தியை அன்றே போய்ச் சொன்னேன், அடுத்த பஸ் இல்லாவிட்டால் நடந்து போயாவது. சில இடங்களில் நன்றாக நடந்தது. ஒரு தோட்டத்தில் பன்னச் செடி இலையை வருஷக்கணக்கில் விற்றார்கள். இன்னொன்றில் பூஞ்சணம் பிடித்து எல்லாம் அழுகிப் போனது, ஏன் என்று கேட்டார்கள், தெரியவில்லை என்று சொன்னேன். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு காலம் ஆனது. ஆனால் இப்படியெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டது எதையும் சரி செய்துவிடவில்லை. தமிழ்ச் சனங்களை அடித்த அந்தக் கலவரத்துக்குப் பிறகு ரோட்டில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்லி அந்த வேலையை விட்டேன். பயம் இருந்ததுதான். ஒவ்வொரு லயத்திலும் பின் வரிசையில் பாக்கியத்தின் முகத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தேன் என்பதும் இருந்தது.

அவர்கள் போய் மூன்று வருஷம் கழித்து ஹமீது நானாவின் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ராணி எழுதியிருந்தாள். நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்களாம். அப்பாவுக்கு இருமல். அம்மாவுக்கு அங்கேயும் தவறணை வேலைதான். தனக்குப் படிக்க முடியவில்லை, கொழுந்துக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். என் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை அவள். 'அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாங்க' என்று கடைசியில் இருந்தது. கோபமாக ஒரு சொல் இருந்திருந்தால் பதில் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லாததால் என்ன எழுதுவது என்று தெரியாமல் பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டேன். நீ லீவுக்கு வந்திருக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் என் சேலைகளுக்குக் கீழேதான் இருந்தது. உன் செய்தி வந்த பிறகு, போன செவ்வாய்க்கிழமை, அந்தப் பழைய விலாசத்துக்கே எழுதிப் போட்டேன். போய்ச் சேருமோ, அவர்கள் அங்கேதான் இருக்கிறார்களோ, பாக்கியம் உயிரோடு இருக்கிறாளோ, ஒன்றும் தெரியாது.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. பூ வளர்ப்பது கெட்ட வேலையில்லை. அதை நம்பித் துணிகிறவர்கள் முட்டாள்களும் இல்லை. நீ ஒன்றைச் சொல்லும்போது அது தவறிப் போனால் உன் வீட்டில் அடுப்பு அணையாது, அவர்கள் வீட்டில் அணையும். இந்த வித்தியாசத்தை மட்டும் மறக்காதே. முதல் நாள் செடியைப் பற்றிப் பேசாதே. அவர்கள் வீட்டில் இன்று என்ன சமைத்தார்கள், மா வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். ஒருத்தி தயங்கினால் அவளுக்குத் தைரியமில்லை என்று நினைக்காதே. உனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கும். உன் மேலதிகாரி சந்தோஷமான செய்தியைக் கேட்கும் ஆசையோடு வருவார். அவரும் நல்லவராகத்தான் இருப்பார். அந்த நேரத்தில் உன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் உன் வேலை. மற்றதெல்லாம் செடியே பார்த்துக்கொள்ளும்.

ஆரம்ப நாளுக்கு என்னை விருந்தாளியாக வரச் சொல்லி, பெண்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறாய். வருகிறேன். தலவாக்கலைவரை கோச்சியில் வந்து பஸ் பிடித்துக்கொள்வேன், நீ அலைய வேண்டாம். மாலை போடாதே. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லி அறிமுகப்படுத்தாதே. கதிரையும் வேண்டாம், அவர்களோடு சாக்கில் உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே உனக்கு எழுதியதை அங்கே அவர்களுக்குச் சொல்லப்போகிறேன், பாக்கியத்தின் பெயரோடும் அந்தப் பிள்ளையோடும் சேர்த்து. உன் அதிகாரிகளுக்கு அது பிடிக்காமல் போகலாம். புது வேலையில் முதல் நாளே உனக்குத் தலைகுனிவாகவும் இருக்கலாம். அதை யோசித்து, வர வேண்டாம் என்று நீ எழுதினால் எனக்கு வருத்தமில்லை, உன் நிலைமை எனக்குப் புரியும். ஆனால் வந்தால் இதைத்தான் பேசுவேன். எனக்கு வேறு எதுவும் பேசத் தெரியாது. என் பேச்சைக் கேட்ட பிறகு அந்தப் பெண்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், ஒருத்திகூட உன்னிடம் படிக்க வராமல் போனால், அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே மகனே. அந்தக் குற்றமும் என் பேரிலேயே இருக்கட்டும்.

உன்
அம்மா